அஞ்சாம் நம்பர் மலைக்குப் போன பந்து

டாக்டர் செல்வரத்தினத்தின் கோல்ஃப் பந்து முதன்முதலாகத் தேயிலைக்குள் விழுந்தது, தைப்பொங்கல் முடிந்து வந்த சனிக்கிழமை. ஏழு வருடமாக அவருடைய மட்டைப் பையைத் தூக்கி நடக்கும் சின்னராசா, முதலாம் குழியில் அவர் அடித்த பந்தைத் தேடி வலப்பக்கச் சரிவில் அதற்கு முன் ஒருநாளும் இறங்கியதில்லை. அன்றைக்கு இறங்கினான். பனியில் நனைந்த செடிகளை விலக்கி விலக்கிப் பார்த்தும் பந்து கிடைக்கவில்லை. முழங்கால் வரை ஈரத்தோடு மேலே ஏறி வந்தவனிடம் டாக்டர் இன்னொரு பந்துக்குக் கையை நீட்டினார். இரண்டாவது பந்தும் முதல் பந்து போன வழியிலேயே போயிற்று.

ஹல்துமுல்லைக்கு மேலே, வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத் துரைமார் தங்களுக்கென்று வெட்டிவைத்த கோல்ஃப் மைதானம் அது. ஒன்பது குழி. முதல் அடி அடிக்கிற மேட்டில் நின்றால், தெற்கே மலையெல்லாம் முடிந்து தாழ்நிலம் விரிவதும், வானம் தெளிந்த காலையில் உடவளவைக் குளம் தகடு போலக் கிடப்பதும் தெரியும். மேட்டுக்கு இடப்பக்கம் டர்பன்டைன் மரங்கள். வலப்பக்கம் தேயிலை. தோட்டத்தில் தேயிலைத் துண்டு ஒவ்வொன்றையும் மலை என்று சொல்லி நம்பர் போட்டிருப்பார்கள். இது அஞ்சாம் நம்பர் மலை.

டாக்டருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. ஊர் வடக்கே கொக்குவில். பதுளைக்கு வேலைக்கு வந்து இருபத்தாறு வருடமாகியும் பேச்சு மட்டும் மாறவில்லை. சனிக்கிழமை விடியலில் தானே காரை ஓட்டிக்கொண்டு புறப்பட்டு, ஏழு மணிக்குச் சொன்னபடி வந்து நிற்பார். அவரோடு விளையாடுகிற தோட்ட மனேஜர்மார் பந்தைத் தூரமாக அடிப்பார்கள், காட்டுக்குள்ளும் அடிப்பார்கள். டாக்டரின் பந்து அவ்வளவு தூரம் போகாது. ஆனால் நூல் பிடித்தது போல நேராகப் போகும். அவருக்குப் பை தூக்குவது ஓய்வு மாதிரி என்று மற்றவர்கள் சின்னராசாவைக் கேலி செய்வார்கள்.

சின்னராசா அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலேயே பிறந்தவன். நாற்பத்தாறு வயது. பதினெட்டு வயதில் புல் வெட்ட வந்து, பிறகு பை தூக்கத் தொடங்கியவன். கிளப் மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில் வேலையாட்கள் தங்களுக்குள் விளையாடுவார்கள். யாரோ விட்டுவிட்டுப் போன பழைய மட்டைகளை வைத்துக்கொண்டு அவன் எல்லோரையும் தோற்கடிப்பான். ஆனால் மைதானத்தில் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது விளையாட்டு அல்ல, கண். ஒருவர் மட்டையை ஓங்கி இறக்குவதை இரண்டு தடவை பார்த்தால் பிழை எங்கே என்று சொல்லிவிடுவான். பெரிய பெரிய துரைமாரெல்லாம் கூட மற்றவர்களுக்குத் தெரியாமல் அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்பார்கள்.

ஆகவே அன்று விளையாட்டு முடிந்ததும் டாக்டரும் கேட்டார்.

"என்ன பிழை எண்டு பாரும், சின்னராசா. நான் நேராத்தான் அடிக்கிறன். அது போய் வளையுது."

இப்படிப் பந்து நேரே கிளம்பிப் போய், பாதி வழியில் மனம் மாறினது போல வலப்பக்கம் வளைந்து விழுவதை ஸ்லைஸ் என்பார்கள். கோல்ஃப் ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இருக்கிற வியாதி அது. பையில் உள்ளதிலேயே நீளமான மட்டையான டிரைவரை எடுத்து முதல் அடி அடிக்கும்போதுதான் அதிகமாக வரும். சின்ன மட்டைகளில் பிழையை மறைத்துவிடலாம். டிரைவரில் ஒன்றையும் மறைக்க முடியாது. பந்தில் படுகிற நேரத்தில் மட்டையின் முகம் வலப்பக்கம் ஒரு நூல் திறந்திருந்தால் போதும், பந்து அடுத்த தோட்டத்துக்கே போய்விடும்.

சின்னராசா வழக்கமாகத் தேடுகிற இடங்களிலெல்லாம் பிழையைத் தேடினான். முதலில் பந்து வைக்கிற இடம். இடது காலுக்கு வெளியே தள்ளி வைத்தால் ஸ்லைஸ் வரும். டாக்டர் குதிகாலுக்கு நேராகச் சரியாகத்தான் வைத்திருந்தார். பிறகு தோள். வலப்பக்கம் போகிறதே என்று பயந்து ஆட்கள் இடப்பக்கம் பார்த்து நிற்பார்கள். அப்படி நின்றால் வளைவு இன்னும் கூடும். டாக்டரின் தோளும் கோணவில்லை. அடுத்த வாரம், மட்டையின் தலைக்குப் போடுகிற உறையைப் பந்துக்கு வெளிப்புறமாக ஒரு சாண் தள்ளி வைத்து, அதில் படாமல் உள்ளேயிருந்து அடிக்கச் சொன்னான். டாக்டர் உறையில் படாமல்தான் அடித்தார். பந்து தேயிலைக்குத்தான் போயிற்று.

மூன்றாவது வாரம் பிடியைப் பார்த்தான். வலக்கைக்காரருக்கு மட்டையை இழுத்துக்கொண்டு வருவது இடது கைதான். அந்தக் கை கொஞ்சம் தளர்ந்தாலும் மட்டையின் முகம் திறந்துவிடும். டாக்டரின் இடது கை மட்டையின் மேல் சரியாக உட்காராமல் வெளியே வழுக்கி நிற்பது போலிருந்தது. வெள்ளைக் கையுறை போட்ட அந்தக் கையைப் பிடித்து, வலப்பக்கமாக மெல்லத் திருப்பி வைத்து, மேலிருந்து பார்த்தால் மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான்.

மாசி மாதத்து முதல் சனிக்கிழமை பந்து நேராகப் போயிற்று. டாக்டர் இன்னொன்று அடித்தார். அதுவும் நேர். எட்டுப் பந்து அடித்தார். எட்டும் புல்வெளியின் நடுவில் அங்கங்கே வெள்ளையாகக் கிடந்தன. சின்னராசா திரும்பிப் பார்த்தபோது டாக்டர் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. இந்த விளையாட்டுப் பைத்தியம் படித்த மனிதரையும் எப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்று அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். அன்று டாக்டர் அவனைக் கிளப்பின் முன் வராந்தாவில் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேநீர் குடித்தார். வேலையாள் ஒருவன் அந்த வராந்தா நாற்காலியில் உட்கார்ந்ததை அங்கே யாரும் அதற்கு முன் கண்டதில்லை.

நாலு மாதம் பந்து நேராகப் போயிற்று.

ஆனி பிறந்ததும் ஸ்லைஸ் திரும்பி வந்தது. இந்த முறை வளைவு பெரிது. சின்னராசா கையை இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தான். கைப்பிடியில் தடித்த ரப்பர் போட்டுப் பார்த்தான். மட்டையைச் சற்றுக் கீழே தள்ளிப் பிடிக்கச் சொன்னான், வேகத்தைக் குறைக்கச் சொன்னான். ஒவ்வொன்றும் ஒரு வாரம் பலித்து அடுத்த வாரம் கைவிட்டது. கொஞ்ச நாளைக்கு டிரைவரை வைத்துவிட்டுச் சின்ன மட்டையால் முதல் அடி அடிக்கலாமே என்று சொல்லிப் பார்த்தான். டாக்டர் அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. விளையாட்டு முடிந்த பிறகும் ஒரு கூடைப் பந்தை வைத்துக்கொண்டு டிரைவரால் அடித்துக்கொண்டே இருப்பார். அவருடைய முகத்தில் விளையாட்டே இல்லை. தனக்குத் திறமை போதவில்லை என்று சின்னராசா தன்னைத்தான் நொந்துகொண்டான். 

ஆடி மாதம் அது நடந்தது. சனிக்கிழமைகளில் அஞ்சாம் நம்பர் மலையில் கொழுந்து பறிப்பதில்லை. ஆனால் அந்த வாரம் பௌர்ணமிப் போயா லீவு வந்து பறிப்பு ஒருநாள் தள்ளிப்போய்விட்டது. மேற்கேயிருந்து கச்சான் காற்று சுழன்றடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் மட்டையை இறக்கிய கையோடு பந்து வளையத் தொடங்கியதைச் சின்னராசா கண்டான். அது போகிற திசையில், சரிவின் விளிம்பில், இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிக் குனிந்து நிற்கிற பெண்களையும் அப்போதுதான் கண்டான். அவன் போட்ட சத்தத்தைக் காற்று வேறு பக்கம் கொண்டு போயிற்று.

பந்து பெரியாயியின் புருவத்துக்கு மேலே பட்டது. அவள் கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சின்னராசாவின் லயத்தில் நாலு வீடு தள்ளி இருப்பவள், ஐம்பது வயதுக்காரி. இவன் ஓடிப் போவதற்குள் முகத்தில் பாதி இரத்தமாகியிருந்தது. டாக்டரும் பின்னாலேயே சரிவில் விழுந்தடித்து இறங்கி வந்தார். மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கைக்குட்டையால் காயத்தை அழுத்திக்கொண்டு, கிளப்பிலிருக்கிற மருந்துப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். சின்னராசா ஓடிப்போய்க் கொண்டுவந்தான்.

வலது கையால் எல்லாம் சரியாகத்தான் செய்தார். கட்டுத் துணியைச் சுற்றி முடித்து முடிச்சுப் போட வேண்டிய இடத்தில் நின்றுபோயிற்று. இடது கைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் துணியின் நுனி நிற்கவில்லை. பிடித்தார், நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடியும் நழுவியது. மூன்றாம் தடவை துணியைப் பல்லால் கடித்து இழுக்கப் பார்த்தார். பெரியாயி அந்த நிலையிலும் அவருக்காக இரங்கினாள்.

"ஐயா பயந்துட்டீங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க ஐயா, பதறாதீங்க."

சின்னராசா குனிந்து முடிச்சைத் தான் போட்டான். அப்போதுதான் அந்த இடது கையை, கையுறை இல்லாமல், பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பெருவிரலுக்குப் பக்கத்தில் சதை இருக்க வேண்டிய இடம் குழி விழுந்து கிடந்தது. புறங்கையில் எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. வலது கை ஒரு மனிதருடையதும் இடது கை வேறொரு மனிதருடையதும் போல இருந்தன. ஆறு மாதமாக வாராவாரம் தொட்டுத் தொட்டுத் திருப்பி வைத்த கை அது. வெள்ளைக் கையுறைக்குள் அது இப்படி இருந்ததை அவன் அறியவில்லை.

டாக்டர் பெரியாயியைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாலு தையல். தையலை வேறொரு டாக்டர்தான் போட்டார் என்று பிறகு பெரியாயி சொன்னாள்.

சின்னராசா இதைத் தன் மனைவி நிரஞ்சலாவிடம் சொன்னான். அடியில் பிழையே இல்லை, அந்தக் கைக்குப் பலமில்லை, நான் இல்லாத பிழையைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன் என்றான். அவள் கொழுந்துக்குப் போய் வந்த களைப்போடு கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் டாக்டர், அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியப்போகிறதா, பேசாமல் இருங்கள் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பி வந்து, ஒருவேளை யாரும் தன் கையைத் தானே பார்ப்பதில்லையோ என்னவோ, சொல்லித்தான் பாருங்கள் என்றாள்.

இரண்டு சனிக்கிழமை டாக்டர் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார். வேறு யாரும் வருவதற்கு முன் மேட்டுக்குப் போய், பையிலிருந்து டிரைவரை உருவினார். சின்னராசா பந்தை எடுத்துக் கொடுக்காமல் நின்றான்.

"ஐயா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாதுங்க."

"சொல்லும்."

"இது அடியில உள்ள பிழை இல்லீங்க. ஐயாவோட எடது கை தேஞ்சி போயிருக்குங்க. யாராச்சும் பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க ஐயா."

டாக்டர் மட்டையைப் புல்லில் கிடத்தினார். கையுறையைக் கழற்றினார். கழற்ற அவருக்கு நேரமெடுத்தது. இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி, யாரோ ஒரு நோயாளியின் கைகளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும், சின்னராசா. மார்கழியிலயே தெரியும்."

பிறகு நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். மார்கழியில் ஒருநாள் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கார்ச் சாவி விரலுக்குள் சுழன்று விழுந்தது. படுத்திருக்கும்போது தோலுக்கடியில் சதை தன்பாட்டில் துடிப்பதைக் கண்டார். உடம்பில் நரம்புகள் ஒவ்வொன்றாய்ச் செத்துப்போகிற வியாதி அது, கை போகும், கால் போகும், பேச்சுப் போகும், கடைசியில் மூச்சுப் போகும், மருந்து கிடையாது. இந்த இருபத்தாறு வருடத்தில் ஆறு பேருக்கு அவரே அதைக் கண்டுபிடித்து, அந்த ஆறு குடும்பத்துக்கும் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். பெரியாயிக்கு அடிபட்ட பிறகு கொழும்புக்குப் போய்ச் சோதித்துக்கொண்டு வந்துவிட்டார். சந்தேகமில்லை.

சின்னராசா பையை இறக்கிப் புல்லில் வைத்தான்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் ஐயா என்னைய ஸ்லைஸைத் திருத்தச் சொன்னீங்க?"

"நீர் திருத்தினா, அது ஸ்லைஸ்தானே," என்றார் டாக்டர்.

மாசியில் அந்த எட்டுப் பந்தும் நேராகப் போனபோது, தான் கண்டுபிடித்தது பிழை, இது வெறும் கழுத்தெலும்புத் தேய்வு என்று தனக்குத் தானே சொல்லி நம்பியிருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பந்து நேராகப் போகப் போக, கொழும்புக்குப் போவதைத் தள்ளிக்கொண்டே வந்தார்.  தான் அந்தக் கையைத் திருப்பி வைக்காமல் இருந்திருந்தால் ஐயா முன்பே கொழும்புக்குப் போயிருப்பார் என்று சின்னராசா சொன்னான். முன்பே போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிராது என்றார் டாக்டர். அது உண்மையா, அல்லது நோயாளிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய ஆறுதலா என்று சின்னராசாவுக்கு விளங்கவில்லை. பிறகு ஒருநாளும் விளங்கவில்லை.

அன்று டாக்டர் ஒன்று கேட்டார். அவருடைய ஒரே மகள் தர்மிளா கனடாவில் பிள்ளை பெற இருந்தாள். மனைவி லீலாதேவி புரட்டாசியில் அங்கே போய் மூன்று மாதம் நிற்க டிக்கெட் எடுத்தாயிற்று. விசயம் தெரிந்தால் அவர் போகமாட்டார். போய் வரட்டும், வந்த பிறகு நான் சொல்கிறேன், அதுவரை நீர் வாய் திறக்கக் கூடாது என்றார். சின்னராசா தலையாட்டினான். பெரிய மனிதர் ஒருவர் முதன்முதலாகத் தன்னிடம் கேட்ட உதவி அது. அதைத் தவிர அப்போது அவன் வேறொன்றையும் யோசிக்கவில்லை.

பத்து நாள் கழித்து, அவன் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுத்தான். டாக்டரின் நம்பர். ஆனால் பேசியது பெண் குரல்.

"நான் டாக்டரின்ர மிசிஸ் கதைக்கிறன். அவர் குளிக்கிறார், அதுதான் எடுத்தனான். நீங்கள் கிழமைக்குக் கிழமை அவரைப் பாக்கிறனீங்கள். அவர் கோப்பையளப் போட்டு உடைக்கிறார், கேட்டா ஒண்டுமில்லை எண்டுறார். எனக்குப் பயணம் கிட்டுது. உங்களுக்கு ஏதும் வித்தியாசமாத் தெரியுதோ?"

 சொல்லிவிட்டால் என்ன என்று சின்னராசாவுக்கு ஒரு கணம் தோன்றியது.

"ஒண்ணுமில்லீங்க அம்மா. ஐயா நல்லா இருக்காருங்க. பந்தெல்லாம் நல்ல தூரம் போகுதுங்க."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

லீலாதேவி புரட்டாசியில் போனார். டாக்டர் தொடர்ந்து சனிக்கிழமைகளில் வந்தார். டிரைவரை எடுக்கவில்லை. குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்லில் நின்று பந்தைக் குழிக்குள் தள்ளுகிற சின்ன அடிகள் மட்டும் கொஞ்ச நாள். பிறகு மட்டை இல்லாமல் சும்மா நடந்தார். ஐப்பசி மழையில் ஒருநாள் மூன்றாம் குழிக்குப் பக்கத்தில் கால் தடுக்கி விழுந்தார். சின்னராசா தூக்கி நிறுத்தினான். அடுத்த வாரத்திலிருந்து காரை ஓட்ட ஆளோடு வந்து, வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பேச்சு நாக்கில் ஒட்டத் தொடங்கியிருந்தது. மனைவி போனில் கேட்டதற்குப் பல்லைப் பிடுங்கியிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் வந்தது. கார்த்திகையில் வருவது நின்றுவிட்டது.

தை பிறந்து சின்னராசா பதுளைக்குப் பஸ் ஏறினான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கதவைத் திறந்தது லீலாதேவி. அவரை அவன் அதுவரை நேரில் பார்த்ததில்லை. மெலிந்த, நிமிர்ந்த பெண். பெயரைச் சொன்னதும் அவர் வழி விடாமல் வாசலிலேயே நின்றார்.

"நான் உங்களிட்டக் கேட்டனான்," என்றார். குரலை உயர்த்தவில்லை. "உள்ளதை நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் பிளேன் ஏறியிருக்க மாட்டன். நான் வந்து இறங்கேக்க அவருக்குக் கதை இல்லை. என்ர மனுசன் கதைச்ச கடைசி மூண்டு மாசம் அது. நீங்கள் இருந்து கேட்டிருக்கிறீங்கள். நான் கேக்கேல்லை."

 ஐயாதான் சொல்ல வேண்டாம் என்றார் என்று சொல்லலாம். சின்னராசா வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டான். உள்ளே படுக்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்திருக்கிற மனிதர் மேல் அந்தப் பாரத்தை ஏற்ற மனம் வரவில்லை. லீலாதேவி விலகி நின்று, உள்ளே போகச் சொன்னார்.

டாக்டர் அவனை அடையாளம் கண்டுகொண்டார். வாய் அசைந்தது; வந்த சத்தத்தில் சொல் இல்லை. சின்னராசா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, மழையில் நாலாம் குழி இடிந்ததையும், மண் நிரப்பிப் புல் பதித்ததையும், பெரியாயியின் நெற்றியில் தழும்பே தெரியாமல் ஆறிவிட்டதையும் சொன்னான். தழும்பு தெரியத்தான் செய்தது. டாக்டரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்க அவருக்குக் கை வரவில்லை. சின்னராசா துடைத்துவிட்டான். அவன் எழுந்து வெளியே வரும்போது லீலாதேவி அடுப்படியில் நின்றார்; திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஆவணியில் டாக்டர் இறந்துபோனார். செத்த வீட்டுக்குப் பதுளையே திரண்டு வந்திருந்தது. தர்மிளா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். சின்னராசாவும் நிரஞ்சலாவும் வாசல் படலைக்குப் பக்கத்தில் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று, உடலை எடுக்கும்வரை பார்த்திருந்துவிட்டுப் பஸ் பிடித்தார்கள்.  பண்டாரவளையில் பஸ் நின்றபோது நிரஞ்சலா, நீங்கள் செய்தது அவர் கேட்டதைத்தானே என்றாள். கேட்டது அவர், ஆனால் அந்த அம்மாவிடம் பொய் சொன்னது நான்தானே என்றான் சின்னராசா.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து ஒரு வாரம் இருக்கும். கிளப் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. லீலாதேவி இறங்கினார். கூட யாரும் வரவில்லை. சின்னராசாவைக் கூப்பிட்டு, அவர் எந்த இடத்தில் நின்று பந்து அடிப்பார் என்று காட்டச் சொன்னார். இருவரும் மேட்டுக்கு ஏறினார்கள். வெயில் இருந்தது, தாழ்நிலம் முழுவதும் தெரிந்தது. அஞ்சாம் நம்பர் மலையில் யாருமில்லை.

"இஞ்ச நிண்டு ரெண்டு பேரும் என்ன கதைக்கிறனீங்கள்?" என்று கேட்டார்.

"பந்தைப் பத்திதாங்க அம்மா. வேற ஒண்ணும் பேசறதில்லீங்க."

"அதைச் சொல்லுங்கோ."

எங்கே தொடங்குவதென்று சின்னராசாவுக்குத் தெரியவில்லை. ஸ்லைஸ் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினான். பந்து வைக்கிற இடத்தைச் சொன்னான். தோளைச் சொன்னான். அதற்கு ஐயா என்ன சொன்னார், உறையில் படாமல் அடித்துவிட்டு எப்படித் திரும்பிப் பார்த்தார் என்பதைச் சொன்னான். ஒரு தடவைகூட மட்டையைத் தொட்டிராத அந்தப் பெண், பாடம் கேட்பவர் போல, ஒரு சொல் விடாமல் கேட்டார். விளங்காத இடத்தில் நிறுத்தி, அதற்கு அவர் என்ன சொன்னவர் என்று கேட்டார். மூன்று முட்டி தெரியப் பிடிப்பதை அவன் தன் கையில் காட்டியபோது, தன் இடது கையை முன்னே நீட்டி அதே மாதிரி மடக்கிப் பார்த்தார்.

எல்லாம் சொல்லி முடிந்தது. சரிவிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியிருந்தது.

"அவர் பயந்தவரோ?" என்றார் லீலாதேவி.

இல்லை என்று சொல்வது சுலபம். கேட்கிறவருக்கும் அது ஆறுதலாக இருக்கும். ஒருதடவை அப்படிச் சுலபமானதைச் சொன்னது போதும் என்று சின்னராசா நினைத்தான்.

"ஆமாங்க அம்மா. ரொம்ப பயந்தாருங்க. வாயால சொல்லல. ஆனா நிப்பாட்ட மாட்டாரு. கூடை காலியாகுற வரைக்கும் அடிச்சிக்கிட்டே இருப்பாரு. எனக்கு அப்ப வெளங்கலீங்க."

லீலாதேவி புல்லில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். சின்னராசா சற்றுத் தள்ளி நின்றான். விட்டுப் போகவும் முடியவில்லை, கிட்டப் போகவும் முடியவில்லை.

"என்னோட இருந்து பயந்திருக்கலாம்," என்றார் கடைசியில், அவனிடம் என்றில்லாமல்.

எழும்பும்போது சின்னராசா கை கொடுத்தான், பிடித்துக்கொண்டு எழுந்தார். வேன்வரை கூடவே நடந்தான். மன்னித்ததாகவும் அவர் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்துமுன், போட்டு வாறன் என்று மட்டும் சொல்லி விடைபெற்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை. பதுளை வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு கனடாவுக்குப் போய்விட்டார் என்று, மார்கழியில் ஒருநாள், தோட்ட மனேஜர் ஒருவர் பந்துக்குக் குறி பார்த்துக்கொண்டே சின்னராசாவிடம் சொன்னார். அவன் அவருடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.